இரட்டைப் பூட்டு அறை

அந்தப் பள்ளியில் சமயக் கல்விக்கென்று ஓர் அறை கிடையாது. இயற்பியலுக்கு உண்டு, தையலுக்கு உண்டு, இரண்டே பேர் படிக்கும் சுருக்கெழுத்துக்குக்கூட ஜன்னலோடு ஓர் அறை உண்டு. சமயக் கல்விக்கு ஒதுக்கப்பட்ட இடம் தரைத்தளத்தின் கோடியில் இருந்த வினாத்தாள் காப்பறை. ஆண்டில் இரண்டு மாதம் அதில் வினாத்தாள் கட்டுகள் இருக்கும். மீதிப் பத்து மாதம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் அறையையும் சும்மா இருக்கும் ஆசிரியரையும் சேர்த்துவிட்டால் ஒரு பாடவேளை பிறந்துவிடும் என்பது தலைமை ஆசிரியரின் கொள்கை.

அறை சும்மா கிடந்தது உண்மை. வேதியியல் ஆசிரியை சும்மா இருந்தார் என்பது மட்டும் உண்மையன்று. மேல்வகுப்பில் ஒரு பிரிவை மூடியதால் வாரத்துக்கு நான்கு பாடவேளை அவருக்குக் குறைந்திருந்தது. அந்த நான்கு பொந்துகளிலும் ஒன்பதாம் வகுப்பின் சமயக் கல்வியைச் சொருகினார்கள். ஓர் ஆண்டுக்குத்தான் என்றார்கள். சொருகியதைப் பிறகு யாரும் பிடுங்க வரவில்லை. இது மூன்றாம் ஆண்டு.

“நீதான் சாமியே கும்பிடாதவளாச்சே, உன்கிட்ட எதுக்கும்மா இதக் குடுத்தாங்க?” என்று முதல் நாளே கேட்டார், பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்த கணவர்.

“எந்தப் பக்கமும் சாய மாட்டேனாம்.”

“சாயாம நின்னா தண்டனையா?”

மாமியாருக்கோ தலைகால் புரியவில்லை. மருமகள் ஒருவழியாகச் சமய நூலைக் கையில் எடுத்துவிட்டாள் என்று எதிர்வீடு, பக்கத்துவீடு, மாடிவீடு எல்லாவற்றிலும் சொல்லிவிட்டு வந்தார்.

“அது பாடப்புத்தகம் அத்தை. பரீட்சைக்கு.”

“எதுக்கா இருந்தா என்னம்மா, தொட்டுட்டல்ல!”

அந்தப் பாடப்புத்தகத்தில் ஏழு பாடங்கள் இருந்தன. ஆறு சமயங்களுக்கு ஆறு. எந்தச் சமயத்தையும் சாராதவருக்கு ஏழாவது. எதை முன்னே வைத்தாலும் வம்பு வரும் என்பதால் அகரவரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். அதன் பலனாக, மாணவர்கள் சமயங்களின் பெயர்களையே மறந்துவிட்டு எண்களால் பேசத் தொடங்கினார்கள். “அவங்க அப்பா நாலாம் பாடம், அம்மா ஆறாம் பாடம்டா” என்று வராந்தாவில் சர்வசாதாரணமாகக் கேட்கும். ஏழாம் பாடம் பன்னிரண்டே வரி. ஆசிரியை ஏழாம் பாடம் என்பதை இரண்டாம் வாரமே அவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

எப்படிக் கற்பிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்த ஒரே வழியில் கற்பித்தார். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆய்வக ஏடு. நோக்கம், செய்முறை, செய்பவர் கூற்று, கண்டது, முடிவு என்று ஐந்து கட்டங்கள். யாருக்கு எந்தப் பாடம் என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். தன் வீட்டுப் பாடம் தனக்கு விழுந்தால் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பாடத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் செய்வதைப் பார்த்து, அவர் சொல்வதைக் கேட்டு, எழுதி வர வேண்டும். காணாததைக் ‘கண்டது’ கட்டத்தில் எழுதினால் சிவப்புக் கோடு. கண்டது தாங்காத முடிவை எழுதினால் இரண்டு கோடு.

வகுப்பில் ‘வக்கீல்’ என்று பெயரெடுத்த மாணவிக்கு இரண்டாம் பாடம் விழுந்தது. அவள் இரண்டாம் பாடத்தின் வேண்டுதலை, பதினோர் அடிகளையும், மனப்பாடம் செய்து வந்து கண்டது கட்டத்தில் முழுவதையும் எழுதினாள். ஆசிரியை பத்துக்கு நான்கு போட்டு, ‘மனப்பாடம் கவனிப்பு ஆகாது’ என்று ஓரத்தில் எழுதினார்.

“டீச்சர், கண்டத எழுதச் சொன்னீங்க. கேட்டது சேராதா?”

“கேட்டதைச் செய்பவர் கூற்றில் எழுதணும். தப்பான கட்டம்.”

“கட்டத்துக்கு ஆறு மார்க்கா டீச்சர்?”

“ஆமா.”

அவளும் விட்டுவிட்டாள். வக்கீல் விட்டுக்கொடுத்த ஒரே வழக்கு அது.

மூன்று ஆண்டும் ஆசிரியை மனத்துக்குள் ஒரு கேள்வியைத்தான் சுமந்துகொண்டிருந்தார்: இதனால் யாருக்கு என்ன ஆயிற்று? தேர்வில் எழுதினார்கள், தேர்ச்சி பெற்றார்கள். பின்வரிசையில் அமர்ந்து எல்லாவற்றுக்கும் எசப்பாட்டுப் பாடுவதால் ‘பின்பாட்டு’ என்று பெயர்பெற்ற மாணவன், இரண்டாம் பாடத்தில் வகுப்பிலேயே ஒருத்தியாக இருந்த, ‘குட்டி’ என்று எல்லாரும் அழைத்த சிறுமியை ‘ஒத்த ஆள் பாடம்’ என்று சீண்டிக்கொண்டுதான் இருந்தான். ஏட்டுக்கு வெளியே எதுவும் நகர்ந்ததாக அவர் காணவில்லை.

ஆகவே, தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அறிக்கை கேட்டபோது அவருக்குச் சங்கடம் எதுவும் தோன்றவில்லை. இடைநிலை வகுப்புகளில் சமயக் கல்வி தொடர வேண்டுமா என்று முடிவெடுக்கக் கல்வி அலுவலகத்தில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஓர் அறிக்கை. வராவிட்டால் அந்தப் பள்ளியில் பாடம் தொடரும்.

“பயன் இல்லன்னா இல்லன்னு எழுதுங்கம்மா,” என்றார் தலைமை ஆசிரியர். “பாடம் போச்சுன்னா உங்க நாலு பீரியடும் காலி. புது லேபுக்குப் பொறுப்பாளர் வேணும். நீங்க இல்லாம யாரு?”

புது ஆய்வகத்தை ஆசிரியை ஒருமுறைதான் பார்த்திருந்தார். வெள்ளை ஓடு, புகைபோக்கிப் பெட்டி, கையெட்டும் உயரத்தில் அலமாரி, கிழக்கே மூன்று பெரிய ஜன்னல்கள். போன மாதம் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதற்கு ஏற்கெனவே விண்ணப்பம் போட்டுவிட்டுத் தயாராக இருந்தார்.

ஆசிரியை அறிக்கை எழுதினார். கண்டது: ‘மூன்றாண்டுக் காலத்தில் இப்பாடத்தால் மாணவர் நடத்தையில் விளைந்த மாற்றம் எதுவும் காணப்படவில்லை.’ முடிவு: ‘இடைநிலை வகுப்புகளில் சமயக் கல்வி பயனற்றது.’ இரண்டு முறை படித்துப் பார்த்தார். கண்டது முடிவைத் தாங்கியது. கையெழுத்திட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை நான்கரைக்குக் குழு கூடுகிறது. மூன்றரைக்குத் தன் மேசைக்கு அறிக்கை வர வேண்டும் என்று சொல்லியிருந்தார் தலைமை ஆசிரியர். உண்மையில் அன்று கடைசிப் பாடவேளை ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டு. பாடத்தை முடித்துவிட வேண்டும் என்பதற்காக ஆசிரியை அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆசிரியர் அறைப் பலகையில் முறையாக எழுதியும் வைத்தார். ஒழிக்கப்போகும் பாடமானாலும் அரைகுறையாக விட அவருக்கு மனம் வராது.

எஞ்சியிருந்தது ஐந்தாம் பாடத்தின் செய்முறை. ஐந்தாம் பாடத்துக்காரர்கள் கண்ணை மூடி, பேசாமல், மூச்சை எண்ணிக்கொண்டு உட்காருகிறார்கள். அதை ஐந்து நிமிடம் செய்து பார்த்து எழுத வேண்டும்.

“விளக்கை அணைக்கிறேன். கதவைச் சாத்துறேன். அஞ்சு நிமிஷம். யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, என்ன நடந்தாலும்.”

“இடி விழுந்தா டீச்சர்?” என்றான் பின்பாட்டு.

“விழுந்தப்புறம் எழுதிக்கோ.”

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கினார்கள். இருபத்தாறு மாணவர்கள், ஓர் ஆசிரியை. எஃகுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூரையை ஒட்டிய கம்பித் திறப்பு வழியாக ஒரு கைக்குட்டை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. அதன் வெளிப்புறத்தில்தான் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார். மூன்றிலிருந்து நான்கு வரை ஓடும். அதன் இரைச்சலைத் தவிர வேறு ஒலி இல்லை.

மூன்றாம் நிமிடத்தில் கதவுக்கு வெளியே காலடி கேட்டது. பிறகு தேர்வுப் பிரிவு எழுத்தரின் குரல்.

“நாளைக்கு வினாத்தாள் வருது சார். இன்னியிலேர்ந்து ரெட்டைப் பூட்டு போட்டாகணும்.”

“உள்ள யாரும் இல்லையே?” இது தலைமை ஆசிரியர்.

“ஒன்பதாம் வகுப்புக்கு இப்ப விளையாட்டு சார். சத்தமே இல்ல பாருங்க.”

அந்தக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எழுத்தரிடம், ஒரு சாவி தலைமை ஆசிரியரிடம். இருவரும் ஒருங்கே வராமல் திறக்க முடியாது. ஒருவரை ஒருவர் நம்பாமல் இருப்பதற்கென்றே செய்த கதவு. ஆசிரியை வாயைத் திறந்தார். அதற்குள் தலைமை ஆசிரியர் மேலும் பேசினார்.

“அடுத்த வருஷம் இந்த ரூமுல வகுப்புத் தொல்லை இருக்காது. சமயக் கல்விக்கு இன்னியோட மங்களம். அந்தம்மா பயனில்லன்னு எழுதித் தராங்க.”

“அவங்களா சார்? கமா போடலன்னா லீவு லெட்டரயே திருப்பித் தருவாங்க. நீங்க சொன்னபடி எழுதுவாங்களா?”

“லேப் சாவியக் கண்ணுல காட்டியிருக்கேன்யா. எழுதாம?”

இருவரும் சிரித்தார்கள். முதல் பூட்டு திரும்பியது. இரண்டாம் பூட்டு திரும்பியது.

ஆசிரியை அப்போது கத்தியிருக்கலாம். பின்னாளில் பலமுறை அதை எண்ணிப் பார்த்தார். சோதனையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று நினைத்ததாகக் கணவரிடம் சொன்னார். அது பாதி உண்மை. கத்தினால், தானும் இருபத்தாறு பிள்ளைகளும் அதைக் கேட்டுவிட்டோம் என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அந்த வெட்கம் அவரைத் தடுத்தது. தடை நீங்கியபோது காலடியும் நீங்கியிருந்தது.

மாணவர்களும் வாய் திறக்கவில்லை. என்ன நடந்தாலும் பேசக் கூடாது என்பது விதி.

ஐந்தாம் நிமிடம் முடிந்தது. “டீச்சர்,” என்று இருட்டுக்குள்ளிருந்து வக்கீலின் குரல் மெதுவாக வந்தது. “இப்ப பேசலாமா?”

“பேசலாம்.”

“நம்மள பூட்டிட்டாங்க டீச்சர்.”

ஆசிரியை விளக்குச் சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. பூட்டும்போது மின்சாரத்தை வெளியிலிருந்து நிறுத்திவிடுவது காப்பறையின் விதிகளில் ஒன்று. கைப்பேசியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது இன்னொன்று. ஆண்டு முழுவதும் அதைக் கடைப்பிடித்த ஒரே ஆள் அவர்தான். பெஞ்சை வைத்து, அதன்மேல் இன்னொரு பெஞ்சை வைத்து, வகுப்பிலேயே உயரமான நெட்டையன் ஏறித் திறப்பின் வழியே கத்தினான். மோட்டார் அவனைவிட உரக்கக் கத்தியது. கதவை உதைத்தார்கள். நான்கு விரற்கடை எஃகு, கால்தான் வலித்தது.

“நாலு மணிக்கு மோட்டாரை நிறுத்துவாங்க. அதுவரைக்கும் சும்மா உட்காருங்க,” என்றார் ஆசிரியை.

மூன்றரை ஆயிற்று. அறிக்கை பையிலேயே இருந்தது. தலைமை ஆசிரியர் மேசையைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். இன்னும் ஓர் ஆண்டு, புதியவருக்கு ஆய்வகம். இருட்டில் பையின் பித்தளைக் கொக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்,” என்றான் பின்பாட்டு. “எங்க பாடம் பயனில்லையா?”

யாரோ அவனைக் கிள்ளினார்கள் போலும், ‘ஆ’ என்றான்.

“அறிக்கை இன்னும் கொடுக்கல,” என்றார் ஆசிரியை. அது கேள்விக்குப் பதிலன்று என்பது அவருக்கே தெரிந்தது. ஒரு மாணவன் அப்படி எழுதியிருந்தால் கோடு போட்டிருப்பார்.

நெட்டையன் தொண்டையைக் கனைத்தான். “டீச்சர், எனக்குத் தொழுற நேரம்.”

“வெளியே போனதும் பண்ணிக்கலாமே.”

“மூணாம் பாடம் கடைசிப் பக்கத்துல சலுகை இருக்குடா,” என்றான் பின்பாட்டு. “அடைபட்டுக் கிடந்தா தள்ளிப் போடலாம். நான்தான் ரெகார்டு எழுதினேன். உன்னவிட எனக்குத் தெரியும்.”

“சலுகை எனக்குடா. அத நீ குடுக்காத.”

வகுப்பு சிரித்தது. பின்பாட்டு ஏதோ முணுமுணுத்தான். பிறகு இருட்டில் பெஞ்சு இழுபடும் ஓசை கேட்டது.

“மோட்டார் மேற்கால இருக்கு. அப்ப நீ இப்படித் திரும்பணும். ஏய், பைய எடுங்கடி அங்கிருந்து, கால வைக்காதீங்க. தரைல விரிக்க என் ஸ்வெட்டர் இருக்கு. துவைச்சதுதான். சத்தியமா.”

அவன் இடம் ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. நெட்டையன் முடிக்கும்வரை அறையில் பேச்சில்லை. ஐந்தாம் பாடத்துக்கு அவர் கேட்டு வாங்கிய மௌனத்தைவிட இது சுத்தமாக இருந்தது.

பிறகுதான் குட்டிக்கு மூச்சு முட்டியது.

முதலில் அது விசும்பல் போலக் கேட்டது. பின்னர் அறுந்து அறுந்து வந்தது. “காத்து இல்ல டீச்சர்... காத்து இல்ல...” ஆசிரியை இருட்டில் தடவிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தார். சில்லிட்டிருந்தது. தமக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார்.

“இங்க பாரு. இந்த அறை நூத்துத் தொண்ணூத்திரண்டு கனமீட்டர். மேல திறப்பு வேற இருக்கு. நம்ம எல்லாருக்கும் விடியற வரைக்கும் தாராளமாப் போதும்.”

“விடியற வரைக்குமா?” என்று குட்டி அலறினாள்.

“டீச்சர், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க,” என்றாள் வக்கீல். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு வாரம் வெளியே நிற்க வைத்திருப்பார். “குட்டி, அஞ்சாம் பாடம் பண்ணுடி. மூச்ச எண்ணு. ஒண்ணு...”

“எனக்கு அது வேணாம்! எனக்கு... எங்க வீட்டுது...”

குட்டி தன் வேண்டுதலைத் தொடங்கினாள். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. அச்சத்தில் மறந்துவிட்டிருந்தாள். வீட்டில் நாள்தோறும் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொல்வதை இங்கே அவளோடு சேர்ந்து சொல்ல ஒருவரும் இல்லை. ஒத்த ஆள்.

இருட்டில் வக்கீலின் குரல் முதல் அடியை எடுத்தது. தயக்கமில்லாமல், சரியான இடத்தில் நிறுத்தி, இரண்டாம் பாடத்துக்காரர்கள் இழுக்கும் இடத்தில் இழுத்துச் சொன்னாள். குட்டியின் குரல் இரண்டாம் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாம் அடியில் தடுமாறியது, வக்கீல் காத்திருந்தாள். பதினோர் அடியும் முடிந்தன. மறுபடி தொடங்கினார்கள். இரண்டாம் சுற்றில் குட்டியின் குரல் முன்னாலும் வக்கீலின் குரல் பின்னாலும் போயின. மூன்றாம் சுற்றில் ஆசிரியையின் பிடியிலிருந்த கை வெதுவெதுப்பாகிவிட்டது.

“உனக்கு இதுல நம்பிக்கை இருக்காடி?” என்று கேட்டாள் குட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“இல்லடி. நான் ஆறாம் பாடம். எனக்கு நாலு மார்க்குதான் போட்டாங்க.”

ஆசிரியை பையின் கொக்கியை விட்டுவிட்டிருந்தார்.

“ஒத்த ஆளு அழுது முடிச்சாச்சா?” என்றான் பின்பாட்டு கதவோரத்திலிருந்து. இரண்டு பேர் சிரித்தார்கள். அதுவும் நடந்தது.

நான்கு மணிக்கு மோட்டார் நின்றது. நெட்டையன் ஏறிக் கத்தினான். சற்று நேரத்தில் எழுத்தர் ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“உள்ள யாரு?”

“ஒன்பதாம் வகுப்பு சார்!”

“ஒன்பதாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியடாச்சே!”

“மாத்திட்டோம் சார்!”

“யாரக் கேட்டு மாத்தினீங்க?”

“ஐயா,” என்றார் ஆசிரியை, சாவித் துளையருகே குனிந்து. “முதல்ல கதவைத் திறங்க. அப்புறம் விளக்கம் எழுதித் தரேன்.”

எழுத்தர் மின்சாரத்தைப் போட்டார், விளக்கெரிந்தது. தன் பூட்டைத் திறந்தார். மற்றப் பூட்டின் சாவி தலைமை ஆசிரியரின் சட்டைப்பையில், கல்வி அலுவலகத்தில் இருந்தது. எழுத்தர் கைப்பேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். பிறகு, “மேடம், சார் உங்ககிட்டப் பேசணுமாம். ஸ்பீக்கர்ல போட்டு ஓட்டைகிட்ட வைக்கிறேன்,” என்றார்.

“என்னம்மா இது!” தலைமை ஆசிரியரின் குரல் தகரத்தில் உருளுவது போல வந்தது. “பிள்ளைங்க நல்லா இருக்காங்கல்ல? டிரைவர் கிட்ட சாவி குடுத்து விட்டுட்டேன், முக்கா மணில வந்துடும். சரி, இப்ப உள்ள கூப்பிடப் போறாங்க. அறிக்கை உங்க கைலயா இருக்கு?”

“இருக்கு சார்.”

“முழுசும் வேணாம். முடிவ மட்டும் வாசிங்க, எழுதிக்கறேன்.”

ஆசிரியை அறிக்கையை எடுத்துப் பிரித்தார். விளக்கு வெளிச்சத்தில் இருபத்தாறு முகங்கள். அவர்களுள் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் மிகுந்த மரியாதையோடு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

‘காணப்படவில்லை’ என்ற சொல்லில் அவர் கண் நின்றது. நேற்று அது உண்மை.

“சார், ஒரு திருத்தம் இருக்கு. கண்டது மாறிடுச்சு.”

“என்ன கண்டது?”

“மாற்றம் எதுவும் காணப்படவில்லைன்னு எழுதியிருந்தேன். இப்பக் கண்டேன்.”

“எங்கம்மா?”

“நீங்க பூட்டின அறைக்குள்ள சார்.”

“அம்மா, பயன் உண்டுன்னா சொல்றீங்க? லேப் விஷயம் ஞாபகம் இருக்குல்ல?”

அவருக்கு மூன்று ஜன்னல்களும் ஞாபகம் இருந்தன. “இருக்கு சார்.”

“அப்ப என்னதான் எழுதட்டும்? உண்டா, இல்லையா?”

உண்டு என்று சொல்லிவிட்டால் கதை அழகாக முடிந்திருக்கும். ஆனால் ஒரே ஒரு சோதனை, ஒரே ஓர் அறை, ஒரு மணி நேரம். அதிலும் பின்பாட்டு கடைசியில் சொன்னதை அவர் காதால் கேட்டிருந்தார். ஒருமுறை கண்டதைக் கொண்டு முடிவெழுதும் மாணவருக்கு அவர் இரண்டு கோடு போடுவது வழக்கம்.

“இல்லைன்னு எழுத முடியாது சார். உண்டுன்னு எழுத இது போதாது. முடிவு: ‘மேலும் ஓராண்டு கவனிக்கப்பட வேண்டும்.’”

“யாரு கவனிக்கறது?”

அந்தக் கேள்வி வரும் என்பதை அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே அவர் கண்டுகொண்டிருந்தார். வாக்கியத்தை வேறு வகையாகக் கட்ட முடியுமா என்றும் தேடிப் பார்த்துவிட்டார். முடியவில்லை. இதற்கு முன் மூன்றாண்டும் கவனித்தவர் ஒருவரே. கருவியை நடுவில் மாற்றினால் அளவு கெட்டுப்போகும்.

“நான்தான் சார்.”

“உங்க இஷ்டம்,” என்றார் தலைமை ஆசிரியர். “அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.” தொடர்பு அறுந்தது.

“டீச்சர்,” என்றாள் வக்கீல். “லேப் போச்சா?”

“ரெகார்டை எடுங்க,” என்றார் ஆசிரியை. “முக்கா மணி நேரம் இருக்கு. இன்னிக்குச் செய்முறையை எழுதிடலாம்.”

“எங்கிருந்து எழுதணும் டீச்சர்? பூட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“கண்டது எல்லாம்.” பிறகு, வக்கீலைப் பார்த்து, “உன் பழைய ரெகார்டையும் கொண்டா. இரண்டாம் பாடம்,” என்றார்.

வக்கீல் ஏட்டை நீட்டினாள். ஆசிரியை சிவப்புப் பேனாவைத் திறந்தார். கட்டம் தப்பு, அதில் மாற்றமில்லை. நான்கை அடித்துவிட்டு ஏழு போட்டார்.

“பத்துக்கு ஏழா?”

“கட்டத்துக்கு மூணு.”

ஐந்து மணிக்குச் சாவி வந்தது. பிள்ளைகள் சைக்கிள் கொட்டகைக்கு ஓடினார்கள். வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கதவு திறந்தப்புறமும் நீயே உள்ள போய் உக்காந்துகிட்டியேம்மா,” என்றார். மாமியார் மட்டும் மிகவும் மகிழ்ந்தார்.

அடுத்த கல்வியாண்டில் புது ஆய்வகம் திறக்கப்பட்டது. புதியவர் நல்ல பையன். அமிலப் புட்டிகளை எந்தத் தட்டில் வைப்பது என்று அவரிடம் வந்து கேட்டுக்கொண்டு போனார். ஆசிரியையும் சொன்னார். ஒருமுறை அந்த அறையின் வாசல்வரை போய், ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பினார்.

எழுத்தரிடம் ஒரு புதிய பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. காப்பறையைக் கடக்கும்போதெல்லாம், பூட்ட வேண்டிய நாளானாலும் இல்லாவிட்டாலும், கதவை இரண்டு தட்டுத் தட்டி உரக்கக் கேட்பார்:

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

சீட்டுக் குலுக்கும் தகர டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, ஆசிரியை பதில் சொல்வார்.

“இருக்கேன்.”